காலி என்று சொன்னது நான்

அந்த யோசனை வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலில் அண்ணன் படகு எஞ்சினின் டீசல் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒரு முனையில் வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தான். அடைப்பு போகவில்லை. கூடையிலிருந்து ஒரு துண்டு தங்கூசியை எடுத்தான். மீன் பிடிக்கிற நைலான் நரம்பைத்தான் நாங்கள் தங்கூசி என்போம். பெரிய மீனுக்குப் போடுகிற கனத்த ரகம் கம்பி மாதிரி விறைப்பாக நிற்கும். அதைக் குழாய்க்குள் விட்டுத் தள்ளினான். கறுப்பாக ஏதோ வழிந்தது. பிறகு மறுமுனையில் நரம்பின் பச்சை நுனி எட்டிப் பார்த்தது.

"அந்தாண்ட தெரியுது பாரு. காலி," என்றான்.

நான் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். துப்பாக்கியும் ஒரு குழாய்தானே. பின்பக்கத்தை மூடுகிற போல்ட்டைத் திறந்து அங்கிருந்து இந்த நரம்பை விட்டால் முன்பக்கம் வாய் வழியாக வெளியே வர வேண்டும். உள்ளே தோட்டா இருந்தால் நரம்பு நுழையாது. நரம்பு நுழைந்திருக்கும்வரை போல்ட்டை மூட முடியாது. பத்தடி தள்ளி நிற்கிறவருக்கும் பச்சை தெரியும். யாரும் யாரையும் "காலியா?" என்று கேட்க வேண்டாம். யாரும் பதில் சொல்லவும் வேண்டாம்.

"அண்ணே, இதுல ரெண்டு முழம் குடு."

"எதுக்கு?"

"துப்பாக்கிக்கு."

"சுட்டதெல்லாம் பத்தலியா பாப்பா," என்றான் நிமிராமலே. அதற்குள் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

விஷயம் நடந்து அப்போது பத்து நாள் ஆகியிருந்தது.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் மூன்றாம் ஆண்டு. தினமும் கடலூரிலிருந்து பஸ். சிப்காட் ஆலைகளின் நாற்றம் வரும்போது ஜன்னலைச் சாத்துவது, ஆலப்பாக்கம் தாண்டித் திறப்பது, வெள்ளாற்றுப் பாலத்தில் இறங்கத் தயாராவது என்று மூன்று வருடம் ஓடிவிட்டது. முதல் வருடம் கல்லூரியின் மாணவர் படையில் சேர்ந்தேன். காக்கி உடைக்காகவும் இல்லை, அணிவகுப்புக்காகவும் இல்லை, துப்பாக்கிக்காக. பாயிண்ட் டூ டூ ரைஃபிள். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போட்டு, ஒவ்வொன்றாகச் சுட வேண்டும். வலது பக்கம் ஒரு கைப்பிடி, அதுதான் போல்ட். தூக்கு, பின்னால் இழு, தோட்டாவை வை, முன்னால் தள்ளு, கீழே அழுத்து. ஐந்து அசைவு. சுட்ட பிறகு திரும்பவும் தூக்கி இழுத்தால் காலிக் கூடு வலது பக்கமாகத் துள்ளி விழும். அந்தச் சத்தத்துக்கு நான் முதல் நாளே விழுந்துவிட்டேன். எங்கள் அணியில் என் கைதான் வேகம். மற்றவர்கள் இரண்டாவது தோட்டாவைத் தேடும்போது நான் மூன்றாவதைச் சுட்டிருப்பேன்.

பயிற்சி கொடுக்கிறவரை உஸ்தாத் என்று கூப்பிட வேண்டும். வேறு மாவட்டத்துக்காரர், எப்போதும் ஏதாவது பதிவேட்டைத் தேடிக்கொண்டிருப்பார். முதல் வகுப்பில் அவர் சொன்னது அதிகம் இல்லை. குழலின் வாய் எப்போதும் எதிரே உள்ள மண்மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். சுடப்போகிற நொடிவரை விரல் விசைக்கு வெளியே. சுட்டு முடித்ததும் போல்ட்டை இனி வராது என்கிற அளவுக்கு முழுதாக இழுக்க வேண்டும், உள்ளே பார்க்க வேண்டும், நகத்தால் தொட்டும் பார்க்க வேண்டும். தோட்டா இருந்தால் அதன் விளிம்பு நகத்தில் தட்டும். அதற்குப் பிறகுதான் போல்ட்டை மூடி, வாய் மேட்டைப் பார்த்திருக்க, விசையை ஒருமுறை அழுத்தி இறக்க வேண்டும். வெறும் 'டிக்' வரும்.

"துப்பாக்கி யாரு கையில இருக்கோ அவங்கதான் பாக்கணும். பக்கத்துல இருக்கறவ சொன்னா, போன தடவ பாத்தேன், அதெல்லாம் இங்க கிடையாது," என்றார். நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஆனால் நாங்கள் துப்பாக்கியோடு இருந்த நேரத்தில் பெரும்பகுதி கூடத்தில்தான். அங்கே தோட்டாவே கிடையாது. ஒன்பது பெண்கள் வரிசையாக நின்று, குழலின் வாயை மேலே தூக்கி, போல்ட்டை இழுத்து மூடி, ஒன்றாக 'டிக்' செய்ய வேண்டும். மேட்டைப் பார் என்றால் கூடத்தில் மேடு ஏது, அதனால் கூரையைப் பார்த்து. ஒன்பது 'டிக்'கும் ஒரே 'டிக்' ஆக விழுந்தால் உஸ்தாத் "சபாஷ்" என்பார். எங்களுடையது பொரி வறுக்கிற மாதிரி விழும். ஒருத்தி முந்துவாள், ஒருத்தி பிந்துவாள். நான்தான் கண்டுபிடித்தேன், எல்லோரும் முழுதாக இழுப்பதால்தான் நேரம் கலைகிறது என்று.

"பாதி இழுத்தா போதும்டி. எப்படியும் காலிதான. பாதி, மூடு, டிக். பாரு."

பார்த்தார்கள். மறுநாளே ஒன்பதும் ஒரே சத்தம். உஸ்தாத் எதிரே நின்றதால் கைகளின் அரை இழுப்பு அவருக்குத் தெரியவில்லை. சபாஷ் கிடைத்தது. ஒரு வருடம் அப்படியே செய்தோம். அரை இழுப்பு எங்கள் கையில் ஊறிவிட்டது.

அந்த ஒன்பது பேரில் என் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேத்தியாத்தோப்புப் பக்கம், நெல்லும் உளுந்தும் போடுகிற வீடு. விடுதியில் தங்கிப் படிக்கிறாள். என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். நான் விளையாட்டுக்குச் சேர்ந்த படையில் அவள் கணக்காகச் சேர்ந்தவள். எஸ்.ஐ. தேர்வு எழுத வேண்டும், அதற்குப் படையின் சான்றிதழ் இருந்தால் கூடுதல் மதிப்பெண். இந்த மாதக் கடைசியில் சுடும் தேர்வு. அதில் பெயர் இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. மூன்றாம் ஆண்டு என்பதால் அடுத்த வருடம் என்ற பேச்சும் இல்லை.

அன்று ஊருக்கு வெளியே சுடுகிற மைதானம். ஒருத்தி படுத்துச் சுட, அவள் பக்கத்தில் ஜோடியாக ஒருத்தி படுத்துத் தோட்டாவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க வேண்டும், எண்ண வேண்டும். அவளுக்கு ஜோடி நான். ஆளுக்கு ஐந்து தோட்டா. நாலு சுட்டாள். ஐந்தாவதைக் கொடுத்தேன், போட்டு மூடினாள். அந்த நேரத்தில் மண்மேட்டின் மேல் நாலைந்து ஆடுகள் ஏறி நின்றன. உஸ்தாத் விசில் ஊதினார். எல்லோரும் துப்பாக்கியை அப்படியே தரையில் வைத்து, கையை எடுத்தோம். ஆடுகளை விரட்டப் பத்து நிமிடம் ஆனது. ஒன்று மேட்டிலேயே படுத்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தோம்.

"இதுக்கு எஸ்.ஐ. பரிட்சை தேவல மச்சான். ஆடு மேச்சிக்கினே உட்கார்ந்துடலாம்," என்றாள்.

திரும்பப் படுத்தபோது நான் எங்கள் விரிப்பில் கிடந்த காலிக் கூடுகளைப் பார்த்தேன். ஐந்து. இடது பக்கத்து விரிப்பில் சுட்டவளின் கூடு ஒன்று துள்ளி எங்கள் விரிப்பில் விழுந்திருக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை. என் கையில் இருந்த சிறிய டப்பாவும் காலி. ஐந்து கொடுத்தேன், ஐந்து கூடு, முடிந்தது. உஸ்தாத் அந்தக் கோடியில் இருந்து, முடித்தவர்கள் காலி செய்து எழுந்திருக்கலாம் என்றார்.

"நான் அஞ்சும் சுட்டனா?" என்று கேட்டாள்.

"சுட்டாச்சுடி. காலி. எழுந்திரு."

எழுந்தாள். கூடத்தில் செய்கிற மாதிரியே வாயை மேலே தூக்கினாள். பாதி இழுத்தாள். பாதி இழுத்தால் தோட்டா வெளியே விழாது. மூடும்போது திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மூடினாள். அழுத்தினாள்.

அந்தத் துப்பாக்கியின் சத்தம் பெரிதில்லை. மைதானத்தில் படுத்துச் சுடும்போது பட்டாசு மாதிரி இருக்கும். நிற்கும்போது, யாரும் எதிர்பார்க்காதபோது, அது வேறு. சவுக்கு மரங்களுக்கு மேலே, வானத்தை நோக்கிப் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. சவுக்குக்கு அந்தப் பக்கம் உளுந்து வயல், ஆட்கள் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

உஸ்தாத் கத்தவில்லை. அவள் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, முழுதாக இழுத்து, பார்த்து, தொட்டு, கீழே வைத்தார். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போனார். நாங்கள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அவள் என் பக்கத்தில். உள்ளங்கையை மடியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு வயலாக நின்று, யாருக்காவது ஏதாவது பட்டதா, எதுவும் விழுந்த சத்தம் கேட்டதா என்று விசாரித்திருக்கிறார். ஒன்றும் இல்லை. சட்டை முழுதும் நனைந்திருந்தது.

"தேர்வுப் பட்டியல்லருந்து உன் பேர எடுத்தாச்சு," என்றார் அவளிடம். அவள் தலையாட்டினாள்.

நான் எழுந்தேன். "உஸ்தாத், காலின்னு சொன்னது நான். எண்ணுனது நான். அந்தப் பாதி இழுக்கறது கூட நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்."

"உனக்குத் தனியா இருக்கு. துப்பாக்கி யாரு கையில இருந்துச்சு?"

"அவ கையில."

"அவ்ளோதான்."

எனக்குக் கிடைத்தது மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடுகிற தண்டனை. எனக்கு ஓட்டம் பிடிக்கும். மூச்சு வாங்க ஓடி முடித்து, வியர்வையைத் துடைத்தபோது என் பாக்கி தீர்ந்துவிட்டது. தேர்வுப் பட்டியலில் என் பெயர் அப்படியே இருந்தது. நானே எழுதி அடிக்கோடு போட்ட விதியில் என் குற்றத்துக்கு ஓர் இடம் கூட இல்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் இன்னும் மோசம். எத்தனை முறை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் சரி. மற்றவள் பேச்சைக் கேட்டுச் சுட்டேன் என்பதை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அந்த விதியே போய்விடும். அடுத்த நாலு நாள் அவள் என்னிடம் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் போடவில்லை. "நான்தான் பாக்கல," என்று மட்டும் சொன்னாள். மச்சான் என்று சொல்லவில்லை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கூசியின் பச்சை நுனி வெளியே வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை பையில் சுருட்டி வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸிலேயே நோட்டில் படம் போட்டேன். ஆயுத அறையில் உஸ்தாத் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன இது?"

"தங்கூசி, உஸ்தாத். மீன் புடிக்கறது."

"அது தெரியுது. இங்க எதுக்கு வந்துச்சு?"

ஒரே மூச்சில் சொன்னேன். குழாய், நரம்பு, போல்ட் மூடாது, தூரத்திலிருந்து தெரியும். அவர் முழுக்கக் கேட்டார், இடையில் நிறுத்தவில்லை. அதனால் எனக்கு நம்பிக்கை ஏறியது.

"நல்ல யோசனதான்," என்றார். "ஆனா இது உள்ள ஒடைஞ்சி ஒரு துண்டு நின்னுட்டா, அது தெரியாம ஒருத்தி சுட்டா, குழல் வீங்கும். கிழிஞ்சாலும் கிழியும். கழுவுற கம்பியும் துணியும் தவிர வேற எதையும் குழல்ல வுட எனக்கு அதிகாரம் இல்ல. மேல எழுதிக் கேக்கணும்."

"எழுதட்டுமா?"

"எழுது."

மத்தியான வகுப்பைத் தவிர்த்துவிட்டு இரண்டு பக்கம் எழுதினேன், படத்தோடு. அவர் அதை மடித்து ஒரு பதிவேட்டுக்குள் வைத்தார். அந்தப் பதிவேட்டை அவர் எத்தனை நாள் தேடுவார் என்று எனக்குத் தெரியும்.

"அவ பேரு, உஸ்தாத்?"

"இதுல அவ பேரு எங்க வந்துச்சு?"

நான் கேண்டீனுக்குப் போய் அவளிடம் சொன்னேன். அவள் நரம்பை வாங்கி விரலில் சுற்றிப் பார்த்தாள். "எத்தன வருசத்துல அனுமதி வரும்?"

"தெரியல."

"இத வெச்சி என் பேர கட்டி இழுத்துக்கினு வர முடியுமா?"

"இல்ல."

"அப்ப வெச்சிக்க," என்று திருப்பிக் கொடுத்தாள். "மீனாவது மாட்டும்."

அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் அவளுக்கு என்ன லாபம். என் பெயரும் போனால் போனதுதான், அவள் பெயர் வராது.

கடைசியில் வழி வந்தது என்னால் இல்லை. படைக்குப் பொறுப்பான எங்கள் பேராசிரியை புதன்கிழமை அவளைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். மூன்று வருடத்தில் ஒருநாள் கூட வகுப்பு தவறாத பெண் என்று பதிவேட்டில் பார்த்திருக்கிறார். உஸ்தாத்துடன் பேசி ஒரு மறுதேர்வு, தேறினால் அவள் பெயர் பட்டியலில் திரும்ப ஏறும். சனிக்கிழமை காலை ஒன்பது மணி, கூடத்தில், அவர்கள் இருவர் முன்னிலையில். ஆறு முறை அவள் கையில் துப்பாக்கியைக் கொடுப்பார்கள். சிலமுறை உள்ளே மருந்தில்லாத பயிற்சித் தோட்டா இருக்கும், சிலமுறை இருக்காது. பக்கத்தில் ஜோடி நின்று, உஸ்தாத் விரலால் காட்டுகிறபடி, "காலி" என்றோ "இருக்கு" என்றோ சொல்வாள். உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆறு முறையும் முழுதாக இழுத்து, பார்த்து, தொட்டு, பிறகுதான் பேச வேண்டும். ஒருமுறை பாதியில் நின்றாலும் முடிந்தது.

"ஜோடி யாரு?" என்று கேட்டேன்.

உஸ்தாத் பதிவேட்டிலிருந்து தலையை எடுக்காமல், "நீதான். அவ யாரு சொன்னா நம்புவாளோ அவதான் வந்து நிக்கணும்," என்றார்.

வியாழக்கிழமையே ஒத்திகை ஆரம்பித்தோம். துப்பாக்கி கிடைக்காது, அதனால் பெண்கள் ஓய்வறைக் கதவுகளின் தாழ்ப்பாள். விளையாட்டில்லை, அசைவு அதேதான். குமிழைத் தூக்கு, பின்னால் இழு, தள்ளு, கீழே அழுத்து. கோடிக் கதவின் தாழ்ப்பாள் மட்டும் எண்ணெய் போட்ட மாதிரி நன்றாக ஓடியது. தாழ்ப்பாள் நுழைகிற ஓட்டையில் நான் ஒரு சாக்பீஸ் துண்டை வைத்துவிடுவேன், அல்லது வைக்க மாட்டேன், அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும்போது. பிறகு அவள் பின்னால் நின்று சொல்வேன்.

"காலி."

முழுதாக இழுத்தாள், கடைசி வரை, டக் என்று இடிக்கும்வரை. குனிந்து பார்த்தாள். நகத்தால் தொட்டாள். "இருக்கு," என்றாள்.

"இருக்கு."

இழுத்தாள், பார்த்தாள், தொட்டாள். "இல்ல."

"காலி."

பாதியில் நின்றது. அவள் கை நின்றதை நாங்கள் இருவரும் பார்த்தோம். உள்ளே சாக்பீஸ் இருந்தது.

"ஏன்டி நிறுத்துன?"

"நானா நிறுத்துனேன்? நீ சொன்னா அது நின்னுடுது." கையை உதறினாள். "மறுபடி சொல்லு."

இருபது முறை செய்தோம். நாலைந்து முறை நின்றது, எப்போது நிற்கும் என்று சொல்ல முடியவில்லை. எல்லாம் நான் "காலி" சொன்னபோது. வேறு ஒருத்தியைச் சொல்லச் சொன்னோம். ஒருமுறை கூட நிற்கவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது, என் யோசனைகளுக்கு இந்த மாதம் குறைவே இல்லை. அவள் என்னை நம்பாமல் இருக்கப் பழகட்டும் என்று வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவளிடம் பொய்யாகச் சொன்னேன். முதல் வகுப்பு ரத்து என்றேன், விடுதிக்குத் திரும்பிப் பாதி தூரம் போய்விட்டாள். கேண்டீனில் எலுமிச்சை சாதம் தீர்ந்துவிட்டது என்றேன், தயிர் சாதம் வாங்கி வந்தாள். என் பொட்டலத்தில் எலுமிச்சை சாதத்தைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தாள்.

"இன்னைக்கு முழுக்க நான் சொன்னது எல்லாமே பொய்," என்றேன்.

"ஐய, இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா மச்சான்."

"சொன்னா எப்படிடி பொய்யாவும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "மூணு வருசமா நீ எண்ணி நான் போட்டுக்கினு இருக்கேன். ரெண்டு நாள்ல எப்படி மாத்தறது. நாளைக்கு ஒம்போது மணிக்கு உன் குரல கேட்டதும் கை நின்னுடும். எனக்குத் தெரியுது." பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "எங்க அப்பா இன்னிக்கிம் போன்ல கேட்டாரு, பரிட்ச எப்பன்னு. மாசக் கடசின்னு சொல்லிட்டேன்," என்றாள்.

நான் நாளை வராமல் இருந்துவிடலாமா என்று கேட்டேன். காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் வேறு ஜோடி போடுவார்கள். அவள் உடனே தலையை ஆட்டினாள். "அப்ப எப்படி? நாளைக்கு எஸ்.ஐ. ஆயி எவனோ ஒருத்தன் பக்கத்துல நின்னு காலின்னு சொல்லுவான். அவன் உன்னாட்டம் இருந்தா?"

இதை எழுதுவது நூலகத்தில், வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு. நாலு மணிக்கு ஓய்வறைக்குப் போகிறோம். ஆறு மணி பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். இந்த முறை யோசனை அவளுடையது. நான் அவள் காதுக்குப் பக்கத்தில் நின்று "காலி காலி காலி" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அவள் இழுக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலிருந்து தொட்டு முடிக்கிறவரை, நூறு தடவை, இருநூறு தடவை, மின்விசிறிச் சத்தம் மாதிரி அது அவளுக்குக் கேட்காமல் போகிறவரை. போகுமா என்று தெரியவில்லை. தொண்டைக்கு மிளகு மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன். கோடிக் கதவு யாரும் போகாமல் காலியாக இருக்க வேண்டும்.